கூச்சம் நோயாளியுடையதா, நம்முடையதா?

கருப்பைவாய்ப் புற்றுநோய்ச் சிகிச்சையின் வெற்றியை ஐந்தாண்டு உயிர்வாழ்வு விகிதத்தால் அளக்கிறோம். அந்த ஐந்தாண்டுகளை அப்பெண் எவ்வாறு வாழ்ந்தாள் என்பதை எந்த அட்டவணையில் எழுதுகிறோம்?

குளோபோகன் 2022 மதிப்பீட்டின்படி இந்தியாவில் ஓராண்டில் ஏறத்தாழ 1,27,000 பெண்களுக்கு இந்நோய் புதிதாகத் தோன்றுகிறது. பலர் நோய் முற்றிய நிலையில் வருவதால், வெளிக்கதிர்வீச்சும் பிராக்கிதெரபியும் அவர்களுக்கு முதன்மைச் சிகிச்சையாகின்றன. பின்விளைவுகள் பாடநூலில் உள்ளவையே: யோனி சுருங்கி வறள்கிறது, சூலகம் செயலிழந்து மாதவிடாய் முன்கூட்டியே நிற்கிறது, உடலுறவு வலியாகிறது. டைலேட்டர், உயவுக்களிம்பு, தகுதியுடையோருக்கு ஹார்மோன் சிகிச்சை எனத் தீர்வுகளும் உண்டு. அவற்றை எடுத்துச் சொல்லத்தான் ஆளில்லை.

'நம் பெண்கள் இதையெல்லாம் கேட்பதில்லை. நம் பண்பாடு அப்படி' என்பது வழக்கமான விடை. அதை நான் மறுக்கிறேன். வெள்ளைப்படுதலையும் உதிரப்போக்கையும் அதே பெண்ணிடம், அதே அறையில் தயங்காமல் வினவுகிறோம், அவளும் விடையளிக்கிறாள். அடுத்த வினாவில் நா எழாதது நமக்கே. கைம்பெண்ணுக்கும் மணமாகாதவளுக்கும் இது தேவையில்லை என்போர், யோனி முற்றிலும் சுருங்கினால் நோய் மீண்டதா என்று பரிசோதிப்பதே கடினமாகும் என்பதை மறந்துவிடுகின்றனர்.

ஆய்வுலகமோ இம்மௌனத்தைப் புள்ளிவிவரமாக்குகிறது. நாம் பரவலாகப் பயன்படுத்தும் கியூஎல்கியூ-சிஎக்ஸ்24 வினாத்தொகுப்பில் உறவின்போதான வறட்சி, இறுக்கம், வலி பற்றிய வினாக்கள் கடந்த நான்கு வாரங்களில் பாலுறவில் ஈடுபட்டோருக்கு மட்டுமே உரியவை. வலிக்கு அஞ்சி உறவையே துறந்தவள் அங்கே விடுபட்டுப் போகிறாள். மிகுதியாகத் துன்புற்றோர் வெளியேறியபின், எஞ்சியோரின் சராசரியை எடுத்துச் சிக்கல் குறைவு என்று எழுதுவது அறிவியலாகாது.

ஆய்வு மாணவர்களே, 'பொருந்தாது' எனக் குறிக்குமுன் 'ஏன் பொருந்தவில்லை?' என்றொரு வினாவைச் சேருங்கள். நெறிக்குழு 'உணர்வுநுட்பமான பொருள்' என்று தடுத்தால், கேளாமல் விடுவதால் விளையும் தீங்கை எழுத்தில் முன்வையுங்கள். மருத்துவத்துறை நண்பர்களே, சிகிச்சை தொடங்குமுன் பயிற்சி பெற்ற செவிலியர் ஒருவர் தனியறையில் பத்து நிமிடம் பேசுவதற்குப் புதிய கட்டடமோ விலையுயர்ந்த கருவியோ வேண்டியதில்லை. அது சலுகையுமன்று, சிகிச்சைக்கு ஒப்புதல் பெறுவதன் ஒரு பகுதி. பின்விளைவை மறைத்துப் பெற்ற கையொப்பத்தை ஒப்புதல் என்று எவ்வாறு அழைப்பது?