புதிய பொருளுக்கு முதல் வாடிக்கையாளர் யார்?

ஆராய்ச்சி, மேம்பாடு, புத்தாக்கத்துக்கான ரூ.1 லட்சம் கோடி நிதித் திட்டத்துக்கு 2025 ஜூலை 1-இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. தனியார் நிறுவனங்களின் ஆய்வுப் பணிகளுக்குக் குறைந்த வட்டியில் நீண்டகாலக் கடன் கிடைக்க இத்திட்டம் வழிசெய்கிறது. ஆராய்ச்சிக்கான நமது செலவு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 சதவீதம் மட்டுமே என்பதை நினைத்தால், இது வரவேற்க வேண்டிய முடிவு. ஆனால், கடன் கிடைத்தால் மட்டும் புதிய பொருள் உருவாகிவிடுமா?

இதற்கான விடையைச் சென்னையின் மேற்கு நோக்கிய புறநகர் ரயில் பாதையிலேயே காணலாம். பெரம்பூர், அம்பத்தூர், ஆவடி ஆகிய மூன்று இடங்களும் மூன்று பாடங்களைச் சொல்கின்றன.

ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை 1960-களில் தயாரிக்கத் தொடங்கிய விஜயந்தா டாங்கி, பிரிட்டனின் விக்கர்ஸ் நிறுவன வடிவமைப்பு. சொந்த வடிவமைப்பில் அர்ஜுன் டாங்கியை உருவாக்க 1974-இல் அனுமதி அளிக்கப்பட்டது. அது ராணுவத்தில் சேர்ந்ததோ 2004-இல். இடையில் ராணுவத்தின் தேவைகள் பலமுறை திருத்தப்பட்டன; வடிவமைப்பும் அதற்கேற்ப மாறியது. கொள்முதலும் பெரிதாக இல்லை: 2000-இல் 124 டாங்கிகள், 2021-இல் மேம்படுத்தப்பட்ட வகையில் 118.

பெரம்பூர் ஐ.சி.எஃப். கதை வேறு. இன்று 'வந்தே பாரத்' எனப்படும் 'ட்ரெயின் 18' ரயிலை அங்குள்ள பொறியாளர்கள் ஏறத்தாழ 18 மாதங்களில் வடிவமைத்து, 2018 அக்டோபரில் வெளிக்கொணர்ந்தனர். டாங்கியையும் ரயிலையும் ஒரே தராசில் நிறுத்த முடியாது என்பது உண்மையே. ஆயினும், ஐ.சி.எஃப்-இல் இலக்கு தெளிவாக இருந்தது. முடிவெடுக்கும் அதிகாரம் வேலை நடந்த இடத்திலேயே இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, செய்பவரும் வாங்குபவரும் ஒரே ரயில்வே துறை.

அம்பத்தூர் தொழிற்பேட்டையின் சிறுநிறுவனங்களுக்கு இந்த வசதி இல்லை. அங்குள்ள பட்டறைகளில் பல, பெரிய நிறுவனங்கள் தரும் வரைபடத்தின்படி உதிரிபாகம் செய்து கொடுப்பவை. திறமைக்குக் குறைவில்லை, ஆனால், வடிவமைப்பு அவர்களுடையதல்ல. பட்டறை நடத்தும் என் முன்னாள் மாணவர்கள் சிலரிடம் பேசும்போது ஒன்று விளங்குகிறது. மாதிரியைச் செய்துவிடலாம், 'டை' செலவு, சோதனைச் சான்றிதழ், முதல் ஆர்டர் வரும்வரை தொழிலாளர் சம்பளம் ஆகியவற்றை யார் தாங்குவது என்பதே அவர்கள் கவலை. வழங்கிய பொருளுக்கு 45 நாள்களுக்குள் பணம் தர வேண்டும் என 2006-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்லியும், நிலுவைக்காகக் காத்திருப்பவர்கள் அவர்கள்.

இந்தத் தயக்கம் இனி ஆபத்தானது. மின்வாகனத்துக்கு பிஸ்டன் வேண்டாம், சைலன்சர் வேண்டாம். இவற்றுக்கான பாகங்களை மட்டும் செய்யும் பட்டறைக்கு ஒருநாள் வரைபடமே வராது. அம்பத்தூரில் சைக்கிள் தயாரித்த குழுமம் மின்சார ஆட்டோவுக்கு மாறுவதற்கு மூலதனம் இருந்தது. பத்துப் பேர் வேலை செய்யும் பட்டறைக்கு அது எங்கிருந்து வரும்?

வழி இருக்கிறது. மத்திய அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் ஆண்டுக் கொள்முதலில் 25 சதவீதத்தைக் குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும் என்பது விதி. அதில் ஒரு சிறு பங்கை, அந்நிறுவனங்கள் தாமே வடிவமைத்த புதிய பொருள்களுக்கு ஒதுக்கலாம். சோதனையில் தேறினால் குறிப்பிட்ட அளவு வாங்குவோம் என முன்கூட்டியே எழுத்தில் உறுதி தரலாம். தேவைக் குறிப்பை இடையில் மாற்றினால், அதற்கான செலவை வாங்குபவரே ஏற்க வேண்டும் என்பதையும் ஒப்பந்தத்தில் சேர்க்க வேண்டும். பெரிய தனியார் நிறுவனங்களும் தமக்குப் பாகம் வழங்குவோரிடம் இவ்வாறே நடந்துகொள்ளலாம்.

கடனைத் திருப்பிச் செலுத்த விற்பனை வேண்டும். அந்த முதல் விற்பனைக்கு உறுதி தராமல் கடனை மட்டும் நீட்டினால், துணிந்து புதியதைச் செய்பவரே கடனாளியாவார். பழைய வரைபடத்தோடு இருப்பவர் தப்பித்துக்கொள்வார்.