பம்பில் கசிந்த தண்ணீர்... முடங்கிய கூகுள் கிளவுட்! பாரிஸில் நடந்தது என்ன?

கம்ப்யூட்டர் பக்கத்தில் தண்ணி பாட்டில் வைத்தாலே வீட்டில் திட்டு விழும். ஆனால் உலகின் பெரிய டேட்டா சென்டர்களில் சர்வர்களைச் சுற்றி தண்ணீர்க் குழாய்கள்தான் ஓடுகின்றன. ஏஐ வந்த பிறகு அந்தக் குழாய் சிப்பின் தலைமேலேயே வந்து உட்கார்ந்துவிட்டது. அது கசிந்தால்?

என்ன நடந்தது?

2023 ஏப்ரல் 26 அதிகாலை. பாரிஸை ஒட்டியுள்ள கிளிஷி நகரில், குளோபல் ஸ்விட்ச் நிறுவனத்தின் டேட்டா சென்டரில் குளிரூட்டும் அமைப்பில் கசிவு ஏற்பட்டது. அந்தத் தண்ணீர் போய்ச் சேர்ந்த இடம் பேட்டரி அறை. அங்கே தீப்பிடித்தது. கட்டிடத்தில் இருந்தவர்கள் வெளியேற்றப்பட்டு, மின்சாரமும் நிறுத்தப்பட்டது.

அங்கேதான் கூகுள் கிளவுடின் சர்வர்களும் இருந்தன. பொதுவாக கிளவுட் நிறுவனங்கள் ஒரு பிராந்தியத்தை மூன்று மண்டலங்களாகப் பிரித்து வைக்கும். ஒன்று படுத்தாலும் மற்ற இரண்டும் தாங்கும் என்பதுதான் கணக்கு. ஆனால் பாரிஸில் ஒரு மண்டலம் முழுவதும், இன்னொன்றில் ஒரு பகுதியும் சேர்ந்தே அணைக்கப்பட்டன. பேக்கப் இருக்கு என்று நம்பியிருந்தவர்களுக்கு இதுதான் பெரிய அதிர்ச்சி.

அப்புறம் ஏன் தண்ணீர்?

வேற வழியில்லை. ஒரே கன அளவை எடுத்துக்கொண்டால், காற்றைவிட சுமார் 3,500 மடங்கு வெப்பத்தை தண்ணீர் சுமக்கும். என்விடியாவின் ஜிபி200 என்விஎல்72 என்ற ஒரே ரேக்கில் 72 ஜிபியுக்கள். அது இழுக்கும் மின்சாரம் சுமார் 120 கிலோவாட். வீட்டில் ஓடும் ஒன்றரை டன் ஏசி ஏறக்குறைய 80 சேர்ந்தால் எவ்வளவு இழுக்குமோ அவ்வளவு, ஒரு பீரோ அளவு இடத்தில்! இதை ஃபேன் வைத்து ஆற்ற முடியாது. இந்த வகை ரேக்குகளிலும் தொடக்கத்தில் கசிவுப் பிரச்னை இருந்ததாகவும், பிறகு சரிசெய்யப்பட்டதாகவும் 2025-ல் செய்திகள் வந்தன.

எங்கே கசியும்?

பெரும்பாலும் இணைப்புகளில்தான். சர்வரைக் கழற்றி மாட்டும் கப்ளிங், ரப்பர் வளையம், ஹோஸ் முனை. செம்பும் அலுமினியமும் ஒரே தண்ணீரில் நனைந்தால் அலுமினியம் மெல்ல அரிக்கப்படும் என்பது இன்னொரு தலைவலி.

சுத்தமான தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தாதே என்று சிலர் கேட்கலாம். உண்மைதான், கிட்டத்தட்ட கடத்தாது. ஆனால் குழாயில் சுற்றச் சுற்ற உலோக அயனிகள் கலந்துவிடும். போர்டில் விழும்போது தூசியும் சேரும். அப்புறம் ஷார்ட் சர்க்யூட்தான்.

கசிந்தது தெரிந்தால் வால்வை மூடிவிட்டால் போதுமே? அங்கேதான் சிக்கல். தண்ணீர் நின்றால் சிப் சூடேற அதிக நேரம் ஆகாது. கசிவு ஒரு ஆபத்து என்றால், அதை நிறுத்துவது இன்னொரு ஆபத்து. அதனால்தான் நனைந்தவுடன் அலாரம் அடிக்கும் சென்சார் கேபிள்களை குழாய் நெடுக ஓட்டுகிறார்கள். சில அமைப்புகளில் குழாய்க்குள் அழுத்தத்தை வெளிக்காற்றைவிடக் குறைவாக வைக்கிறார்கள். ஓட்டை விழுந்தால் தண்ணீர் வெளியே வராது, காற்று உள்ளே போகும். நல்ல யோசனைதான். ஆனால் இதெல்லாம் ரேக்குக்கு உள்ளே. கட்டிடத்தின் பம்ப் கசிந்து பேட்டரி அறைக்குத் தண்ணீர் போவதை இது தடுக்காது.

வீட்டு கேமிங் பிசி வைத்திருப்பவர்கள்?

லிக்விட் கூலர் கசிவது அரிதுதான். ஆனால் கசிந்தால் நேராக கிராஃபிக்ஸ் கார்டு மேல் சொட்ட வாய்ப்பு அதிகம். கூலரைவிட அந்த கார்டுதான் பல மடங்கு விலை. எனவே வாங்கும்போது, கசிவால் மற்ற பாகங்கள் போனாலும் வாரண்டி உண்டா என்று கேட்டு வாங்குங்கள். ஈரம் தெரிந்தால் முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். நன்றாகக் காயும்வரை ஆன் செய்து பார்க்க வேண்டாம்.