இறந்த கிருமியின் மீதான நம்பிக்கை

கோழிக்கு உயிருள்ள சால்மொனெல்லா கிருமியைத் தடுப்பு மருந்தாகக் கொடுத்தால் அது முட்டை வழியாக மனிதரை வந்தடையும் என்றும், கொல்லப்பட்ட கிருமியாலான தடுப்பூசியே எப்போதும் மேலானது என்றும் பண்ணையாளர்களிடமும் முட்டை வாங்குவோரிடமும் ஒரு நம்பிக்கை பரவியிருக்கிறது. வெள்ளைக்கழிச்சலைத் தடுக்க லசோட்டா என்னும் உயிருள்ள நச்சுயிரியைக் குடிநீரில் கலந்து கொடுக்கத் தயங்காதவர்களே இங்கே அஞ்சுகின்றனர். சால்மொனெல்லா மனிதரையும் தாக்கும் என்பதால் அச்சத்துக்கு முகாந்திரம் இல்லாமல் இல்லை. ஆயினும் அதிலிருந்து எட்டப்படும் முடிவு தவறானது.

சால்மொனெல்லா, தன்னை விழுங்கி அழிக்க வரும் வெள்ளணுக்களுக்கு உள்ளேயே குடியேறிப் பெருகும் கிருமியாதலால், இரத்தத்தில் மிதக்கும் எதிர்ப்புப் புரதங்கள் அதனை எளிதில் எட்டுவதில்லை. கொல்லப்பட்ட தடுப்பூசி பெரும்பாலும் அப்புரதங்களையே தூண்டுகிறது. வீரியம் குறைக்கப்பட்ட உயிருள்ள கிருமியோ, நோய்க்கிருமி செல்லும் அதே குடல்வழியில் நுழைந்து, நோயுற்ற அணுக்களைத் தேடி அழிக்கும் செல்வழி எதிர்ப்பையும் எழுப்புகிறது. பிரிட்டனில் 1998-இல் தொடங்கிய, முட்டைக்கோழிகளுக்குத் தடுப்பூசியை வலியுறுத்தும் சிங்க முத்திரைத் திட்டத்துக்குப் பின் மனிதரிடையே சால்மொனெல்லாவின் என்டெரிடிடிஸ் வகைத் தொற்று பெரிதும் குறைந்ததில் கொல்லப்பட்ட தடுப்பூசிக்கும் பங்குண்டு என்பதை மறுக்க வேண்டியதில்லை. அதுவே போதும் என்பதுதான் மறுப்புக்குரியது.

வீரியம் குறைந்த கிருமி மீண்டும் கொடியதாகும் என்பது எதிர்ப்பாளரின் வலுவான வாதம். கோழி டைபாய்டுக்கு எதிராக வில்லியம்ஸ் ஸ்மித் 1956-இல் விவரித்த 9ஆர் என்னும் வகையை அவர்கள் சுட்டலாம்: அதன் மேலுறையைக் குறைபாடுடையதாக்கும் முக்கிய மாற்றம், ஒரு மரபணுவில் நேர்ந்த ஒற்றை எழுத்துப் பிழையே ஆதலால், அது திருத்தம் பெற்றுப் பண்ணைகளில் நோயை உண்டாக்கிய நிகழ்வுகள் பதிவாகியுள்ளன. ஆனால் இது பழுதுபட்ட ஒரு முறைக்கு எதிரான சான்றேயன்றி, உயிருள்ள தடுப்பூசி அனைத்துக்கும் எதிரானதன்று. 1981-இல் ஹோய்செத், ஸ்டாக்கர் என்னும் ஆய்வாளர் இருவரும் அரோஏ என்னும் மரபணுவைச் செயலிழக்கச் செய்த சால்மொனெல்லாவை விவரித்தனர். விலங்கின் திசுக்களில் போதிய அளவு கிடைக்காத சில அரோமாட்டிக் சேர்மங்களைத் தானே ஆக்கிக்கொள்ள இயலாத அக்கிருமி, உடலுக்குள் சிறிது காலம் தங்கிப் பட்டினியால் ஒடுங்குகிறது. மரபணுவின் ஒரு பகுதியையே வெட்டி நீக்கிவிட்டால், ஒற்றை எழுத்துத் திருத்தத்தால் அது மீள்வதற்கு வழியில்லை. இரண்டு மரபணுக்களை நீக்கினால் காப்பு மேலும் வலுவாகிறது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2006-ஆம் ஆண்டு விதி, உயிருள்ள தடுப்பூசியைத் தடை செய்துவிடவில்லை. தடுப்பூசிக் கிருமியையும் பண்ணைக் கிருமியையும் ஆய்வகத்தில் பிரித்தறியும் முறையைத் தயாரிப்பாளர் தர வேண்டும், பாதுகாப்பானது என நிறுவப்பட்டு அதற்கென அனுமதி பெற்றிருந்தாலன்றி முட்டையிடும் காலத்தில் அத்தடுப்பூசியைக் கொடுக்கலாகாது என்றே அது வரையறுக்கிறது. முட்டைக்குள் கிருமி புகும் என்னும் அச்சத்துக்கு இதைவிடத் தெளிவான விடை தேவையில்லை. உண்மையில் பண்ணைகளில் இத்தடுப்பூசி தோற்பது, பெரும்பாலும் அதன் உயிர் மிகுவதால் அன்று. குளோரின் கலந்த குடிநீரிலோ, அதே நாட்களில் கொடுக்கப்படும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்திலோ அது கோழியின் குடலில் நிலைகொள்ளும் முன்பே மடிந்துவிடுவதால்தான்.