கியர்பாக்ஸுக்குப் போகும் இரண்டு குழாய்

ஆட்டோமேட்டிக் கார் என்றாலே பம்பாயின் பழைய மெக்கானிக்குகள் கொஞ்சம் ஒதுங்குவார்கள். அதில் நியாயம் இருக்கிறது. இந்த ஊர்த் தெருக்களை ஆண்டது பிரீமியர் பத்மினி டாக்சி. ஸ்டீயரிங்கை ஒட்டி கியர் கம்பி, காலடியில் கிளட்ச். கடைசி பத்மினி டாக்சி 2003 அக்டோபர் 29 அன்று தாட்தேவ் ஆர்.டி.ஓ.வில் பதிவானது. இருபது வருட ஆயுள் முடிந்து 2023 அக்டோபர் 30 முதல் சாலையை விட்டு இறங்கியது. பத்மினியில் கியர் எண்ணெய் ஊற்றின இடத்திலேயே கிடக்கும். அந்த வண்டியில் கை பழகியவர்களுக்கு, கியர்பாக்ஸிலிருந்து எண்ணெய் கிளம்பி ரேடியேட்டர் வரை போய்த் திரும்புவது வேற்றூர் சமாச்சாரம்.

தாதர் கிழக்கில், எங்கள் கட்டடத்தின் பின்புற ஷெட்டில், நண்பரும் நானும் 1963-ஆம் வருடத்து ஷெவர்லே இம்பாலா ஒன்றை எழுப்பிக்கொண்டிருக்கிறோம். 283 கன அங்குல வி8 எஞ்சின், இரண்டே கியர் கொண்ட பவர்கிளைட் ஆட்டோமேட்டிக். இங்கிருந்து அதிக தூரமில்லாத சிவ்ரியில்தான் 1928-இலிருந்து ஜெனரல் மோட்டார்ஸ் ஷெவர்லே கார்களைக் கோத்து விற்றது. அந்தக் கடை 1954-இல் மூடப்பட்டது. ஆகவே எங்கள் வண்டி கப்பலில் வந்தது. பெயின்ட், குரோமியம், சீட் உறை பற்றிப் பேச வருகிறவர்கள் ஏராளம். நான் எழுத நினைப்பது, கியர்பாக்ஸ் எண்ணெயை ரேடியேட்டருக்குக் கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவரும், கீழே ஓடும் இரண்டு குழாய்களைப் பற்றி. வண்டியின் ஆயுள் அவற்றில்தான் இருக்கிறது.

ஆட்டோமேட்டிக்கில் கிளட்ச் செய்யும் வேலையை டார்க் கன்வெர்ட்டருக்குள் இருக்கும் எண்ணெய் செய்கிறது. எஞ்சின் ஒரு விசிறியைச் சுற்ற, அது வீசும் எண்ணெய் எதிரில் இருக்கும் விசிறியைச் சுற்றுகிறது. இரண்டின் வேகமும் ஒன்றாகாதவரை வித்தியாசம் அத்தனையும் சூடாக மாறும். திலக் பிரிட்ஜ் ஏற்றத்தில் மாலை ஏழு மணிக்கு நின்று பாருங்கள். டிரைவில் போட்டு, பிரேக்கை மிதித்து, அங்குலம் அங்குலமாக நகரும் வண்டியில் எஞ்சின் உழைப்பில் பெரும்பங்கு எண்ணெயைக் காய்ச்சுவதற்கே போகிறது. எண்ணெய் 80, 90 டிகிரியில் இருந்தால் நிம்மதி. 120-ஐத் தாண்டித் தாண்டி ஓடினால் சீல்கள் இறுகும், எண்ணெய் கருகும், கிளட்ச் பிளேட்டுகள் வழுக்கும்.

குழாயின் வேலை சூட்டை வெளியேற்றுவது மட்டுமென்று பலர் நினைக்கிறார்கள். ரேடியேட்டருக்குள் இருக்கும் கூலருக்குப் போய்த் திரும்பும் அதே எண்ணெய்தான் உள்ளே புஷ்களுக்கும் பல்சக்கரங்களுக்கும் உயவு. குழாய் ஓரிடத்தில் நசுங்கினால் கியர்பாக்ஸ் சூடாவதோடு பட்டினியும் கிடக்கும். ஆகவே வளைவுகளில் எனக்குச் சமரசமே இல்லை.

வண்டி எங்களிடம் வந்தபோது கிடந்த குழாயைப் பார்த்து நண்பர் முகம் சுருங்கிவிட்டது. முன்பு யாரோ ஃபிரிட்ஜ் ரிப்பேர்க் கடைச் செம்புக்குழாயைப் போட்டு, இடையில் பெட்ரோல் ஹோஸை மாட்டி, கிளாம்பை இறுக்கியிருந்தார்கள். செம்பு வளைக்கச் சுகம்தான். ஆனால் எஞ்சின் அதிர்வில் நாளாக ஆக இறுகி, நட்டுக்குப் பக்கத்தில் மயிரிழையாக வெடிக்கும். பெட்ரோல் ஹோஸ் சூடான எண்ணெய்க்குச் செய்ததல்ல, கல்லாகிப் பிளக்கும். பிளந்தால் எண்ணெய் போய்ச் சேருமிடம் பக்கத்திலேயே இருக்கும் சைலன்சர் பைப். அது தீப்பிடிக்கும் சமாச்சாரம்.

புதிய குழாய்க்கு எஃகு. அளவு ஐந்து பை பதினாறு அங்குலம், கிட்டத்தட்ட எட்டு மில்லிமீட்டர். கடல் காற்றையும் நான்கு மாத மழையையும் எஃகு தாங்குமா என்று கேட்பது நியாயம். ஹிந்த்மாதாவில் தண்ணீர் தேங்கும் நாளில் இந்தக் குழாய்கள் சேற்றுநீரில் முங்கி எழும். துத்தநாகப் பூச்சு கொண்ட எஃகு பல வருடம் வரும். செம்பு-நிக்கல் கலவைக் குழாய் கிடைத்தால் அதைவிட மேல். கப்பலில் கடல்நீர்க் குழாய்க்கு அதைத்தான் போடுகிறார்கள். வோல்வோ 1970-களிலேயே பிரேக் லைனுக்கு அதை எடுத்துக்கொண்டது. எங்களுக்குத் தேவையான அளவில் கைக்கு வந்தது எஃகுதான். ஹோஸும் கிளாம்பும் நாக்தேவி தெருவில் வாங்கினோம். ஹோஸின் முதுகில், கியர்பாக்ஸ் எண்ணெய் ஹோஸுக்கான எஸ்ஏஇ ஜே1532 என்று அச்சாகியிருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். கடைக்காரர் “எல்லாம் ஒண்ணுதான் சாப்” என்பார். ஒன்றல்ல.

வளைப்பு வேலை தாராவி தொண்ணூறடி ரோட்டுப் பக்கம். திருநெல்வேலிக்காரர், ரேடியேட்டருக்கு ஈயம் வைப்பதில் தலை நரைத்தவர். நான் அவரை அண்ணாச்சி என்பேன், அவரும் என்னை அண்ணாச்சி என்பார். குழாயைத் தொடுவதற்கு முன் ஒரு வெல்டிங் கம்பியை எடுத்தார். வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து, கியர்பாக்ஸிலிருந்து ரேடியேட்டர் வரை அந்தக் கம்பியை வளைத்து வளைத்து அச்சு எடுத்தார். பிறகுதான் எஃகு. குழாய்க்குள் மணல் நிரப்பி வளைத்தால் நசுங்காதே என்று நண்பர் கேட்டார். “மணலு ஒரு பொடி உள்ள தங்கிட்டுன்னா கியர்பாக்ஸு போச்சு அண்ணாச்சி” என்று சொல்லிவிட்டு, லேத்தில் கடைந்து வைத்திருந்த பள்ளம் வெட்டிய சக்கரத்தில் குழாயை வைத்து மெல்ல அணைத்துத் திருப்பினார். வளைவு முழுக்கக் குழாய் வட்டம் வட்டமாகவே இருந்தது.

நுனி விரிப்பிலும் விஷயம் இருக்கிறது. ஃபிரிட்ஜ் மெக்கானிக்கின் கருவி நுனியை ஒரே மடிப்பாக விரிக்கும். எஃகுக் குழாய் அதில் கீறல் விடும். இரட்டை மடிப்பு வேண்டும், 45 டிகிரிச் சாய்வில். நட்டை முதலில் கோத்துவிட்டு விரிப்பதும் முக்கியம். விரித்த பிறகு நட்டு ஏறாது.

பாதை பற்றிச் சொல்கிறேன். கியர்பாக்ஸும் எஞ்சினும் ஒரே உடல், சேர்ந்தே குலுங்கும். ரேடியேட்டர் வண்டியின் உடலோடு நிற்பது. அசைவு முழுக்க எஞ்சினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில்தான். ஆகவே குழாயை எஞ்சின் ஓரமாகவே கிளிப் போட்டு ஓட்டி, முன்பக்கத்தில் மட்டும் ஒரு சாண் நீள ஹோஸ் விட்டோம். ஹோஸ் ஏறும் நுனியில் ஒரு சிறிய விளிம்பு எழுப்ப வேண்டும், இல்லையென்றால் கிளாம்ப் என்னதான் இறுக்கினாலும் வழுக்கிக் கழன்றுவிடும். ஆயில் பானின் அடிமட்டத்தைவிடக் குழாய் கீழே இறங்கக் கூடாது. நம் ஸ்பீட் பிரேக்கர்களும் பள்ளங்களும் அதை விட்டு வைக்காது. சைலன்சர் பைப்பிலிருந்து இரண்டு விரற்கடையாவது தள்ளி இருக்க வேண்டும். வி8 என்பதால் இரண்டு பக்கமும் மேனிஃபோல்ட், இது சுலபமில்லை.

சேசிஸில் புதிதாகத் துளை போடுவதற்கு நான் ஒப்புக்கொள்ளவில்லை. 2021 ஜூலையில் வந்த விதிப்படி ஐம்பது வயது தாண்டிய கார் வின்டேஜ் வண்டிக்கான ‘விஏ’ எண் பெற வேண்டுமானால் அதன் அசல் உருவம் கெடாமல் இருக்க வேண்டும். விதி இல்லாவிட்டாலும் அறுபது வருடம் நின்ற இரும்பைக் குடைய எனக்கு மனம் வராது.

தனியாக ஒரு காற்றுக் கூலர் மாட்டிவிட்டு ரேடியேட்டரை விட்டுவிடலாம் என்கிறார்கள் சிலர். மும்பைக்கு அது சரிப்படாது. நெரிசலில் நிற்கும் வண்டிக்குக் காற்று ஏது? அப்போது தண்ணீர்தான் சூட்டை வாங்கும். ரேடியேட்டர் முதலில், காற்றுக் கூலர் அடுத்து, பிறகு கியர்பாக்ஸ் என்ற வரிசைதான் என் தீர்மானம். ஆனால் ரேடியேட்டரின் கீழ்த்தொட்டிக்குள் இருக்கும் எண்ணெய்க் குழாய் ஓட்டையானால் தண்ணீரும் சிவப்பு எண்ணெயும் கலந்து ரோஸ்மில்க் நிறத்தில் பொங்கும். கியர்பாக்ஸின் உராய்வுத் தட்டுகள் அதில் ஊறிப் பெயர்ந்துவிடும். எனவே அண்ணாச்சி முதலில் அந்தக் குழாய்க்குள் காற்றடைத்து, தொட்டியில் முக்கிக் குமிழி வருகிறதா என்று பார்த்தார். வரவில்லை.

கியர்பாக்ஸில் டெக்ஸ்ரான் எண்ணெய் ஊற்றியாயிற்று. அளவை எஞ்சின் சூடாகி ஓடிக்கொண்டிருக்கும்போதே பார்க்க வேண்டும். குழாய்களும் கூலரும் நிரம்பிய பிறகு மட்டம் இறங்கும், மறுபடி ஊற்ற வேண்டும். ஒவ்வொரு நட்டையும் துணியால் துடைத்து, அடியில் வெள்ளைத் தாள் விரித்து இரவு முழுக்க விட்டோம். பின்பக்க நட்டுக்குக் கீழே ஒரு சிவப்புப் பொட்டு. கால் திருப்பு இறுக்கியதும் நின்றது. ரேடியேட்டர் விசிறி உறையின் அளவு இன்னும் சரியாகவில்லை, அது அடுத்த வேலை.