பொருளை எண்ணினார்கள், நெய்தவரை எண்ணவில்லை

"இந்தியாவின் ஏற்றுமதியில் கிட்டத்தட்டப் பாதியைத் தருவது குறு, சிறு, நடுத்தரத் தொழில்களே." தொழில் மாநாடுகளிலும் பத்திரிகைத் தலையங்கங்களிலும் அமைச்சர்களின் உரைகளிலும் இதைக் கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டோம். சான்றாக, நாடாளுமன்றத்தில் ஒன்றிய அரசு வைத்த எண்களைக் காட்டுகிறார்கள்: 2019-20இல் 49.75 சதவீதம், 2022-23இல் 43.59 சதவீதம், 2023-24இல் 45.73 சதவீதம். தசமப் புள்ளிக்குப் பிறகு இரண்டு இலக்கம் வரை துல்லியமாக இருக்கும் ஒரு கணக்கை யார் சந்தேகிப்பார்கள்?

சந்தேகித்தே ஆக வேண்டும். திருவள்ளூர் மாவட்டத்தின் மேற்குக் கோடியில், ஆந்திர எல்லையை ஒட்டி இருக்கிறது ஆர்.கே.பேட்டை. அங்கும் அம்மையார்குப்பத்திலும் பொதட்டூர்பேட்டையிலும் தறிச் சத்தம் கேட்காத தெருக்கள் குறைவு. அதே மாவட்டத்தின் வடகிழக்கு மூலையில் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையும், டயர் தயாரிக்கும் மிச்செலின் ஆலை அமைந்த தேர்வாய்கண்டிகையும் இருக்கின்றன. இந்த இரு கோடிகளில் இருக்கும் சிறு தொழில்கள் ஏற்றுமதியில் எவ்வளவு பங்கு பெறுகின்றன என்ற கேள்விக்கு 45.73 என்ற எண் எந்தப் பதிலும் தருவதில்லை. அந்த எண்ணுக்கு ஆதரவாகச் சொல்லப்படும் வாதங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதல் வாதம்: அரசே சொன்ன கணக்கு, தவறாக இருக்காது

அரசு சொன்னது வேறு, நாம் புரிந்துகொண்டது வேறு. நாடாளுமன்றப் பதில்களில் இருப்பது "குறு, சிறு, நடுத்தரத் தொழில் சார்ந்த பொருள்களின் ஏற்றுமதி" என்ற தொடர். கொல்கத்தாவில் உள்ள வணிகப் புள்ளியியல் தலைமை இயக்குநரகம்தான் நாட்டின் அயல் வணிகக் கணக்கைத் தொகுக்கிறது. சிறு தொழில்கள் பெருமளவில் செய்வதாகக் கருதப்படும் பொருள்களுக்கு ஒரு பட்டியல் வகுத்து, அந்தப் பொருள்களின் ஏற்றுமதி மதிப்பைக் கூட்டி, மொத்த ஏற்றுமதியில் அது எத்தனை சதவீதம் என்று பார்க்கிறார்கள். அந்தப் பொருளை அனுப்பிய நிறுவனம் பத்துத் தறி வைத்திருப்பதா, பத்தாயிரம் பேர் வேலை செய்யும் ஆலையா என்று இந்தக் கணக்கு கேட்பதே இல்லை.

விளைவு என்ன? பட்டியலில் உள்ள பருத்தித் துணியை ஒரு பெரிய ஆலை அனுப்பினாலும் அது சிறு தொழிலின் கணக்கில் ஏறிவிடுகிறது. பட்டியலில் இல்லாத ஓர் இயந்திரப் பாகத்தைக் கும்மிடிப்பூண்டியின் சிறு பட்டறை ஒன்று வெளிநாட்டுக்கு அனுப்பினால், அது சிறு தொழிலின் கணக்கில் சேராமலே போகிறது. பிழை இரு பக்கமும் உண்டு. கூட்டினால் மிகையா குறையா என்பதைக்கூட அந்தக் கணக்கிலிருந்து சொல்ல முடியாது. "பொருள்களின்" என்ற சொல் செய்தித்தாளை எட்டுவதற்குள் உதிர்ந்துவிட்டது. உதிர்ந்த பிறகு எஞ்சிய வாக்கியத்தைத்தான் நாம் திரும்பத் திரும்பச் சொல்கிறோம்.

இரண்டாம் வாதம்: துணி, தோல், கைவினை எல்லாம் சிறு தொழில் பொருள்கள்தானே, பொருள் வாரிக் கணக்கே போதும்

சுங்கத் தீர்வைப் பட்டியலின் 52ஆம் அத்தியாயம் பருத்திக்கு உரியது. ஒரு துணியின் எடை சதுர மீட்டருக்கு 200 கிராமுக்கு மேலா கீழா, வெளுத்ததா, சாயமிட்டதா, பல நிற நூல் கொண்டு நெய்ததா என்றெல்லாம் அது நுணுக்கமாகப் பிரிக்கிறது. நெய்த இடத்தின் அளவைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. ஒரே லுங்கியைக் கைத்தறியிலும் நெய்யலாம், விசைத்தறியிலும் நெய்யலாம், தானியங்கித் தறி கொண்ட ஆலையிலும் நெய்யலாம்.

இது ஏட்டுப் பிரச்சினை என்று நினைப்பவர்கள் 2025 ஆகஸ்ட் 27ஐ நினைத்துப் பார்க்கட்டும். அன்று இந்தியப் பொருள்கள் பலவற்றின் மீது அமெரிக்கா விதித்த வரி 50 சதவீதத்தைத் தொட்டது. எந்தப் பொருளுக்கு அடி என்பது மறுநாளே தெரிந்தது. அந்தப் பொருளை அனுப்பியவர்களில் அமெரிக்காவை மட்டுமே நம்பியிருந்த சிறு நிறுவனங்கள் எத்தனை, நான்கைந்து நாடுகளுக்கு அனுப்பித் தாக்குப்பிடிக்கக்கூடிய பெரிய நிறுவனங்கள் எத்தனை என்று காட்டும் அதிகாரபூர்வ அட்டவணை ஒன்றும் கையில் இல்லை. யாருக்குக் கடன் தவணையைத் தள்ளிவைப்பது, யாருக்கு வட்டிச் சலுகை தருவது என்ற முடிவுகளை அந்த அட்டவணை இல்லாமலேதான் எடுக்க வேண்டியிருந்தது.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. குறு, சிறு, நடுத்தரத் தொழில்களைப் பதிவு செய்ய 2020 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் உத்யம் வரையறைப்படி, ஒரு நிறுவனத்தின் விற்றுமுதலைக் கணக்கிடும்போது ஏற்றுமதி வருவாயைக் கழித்துவிட வேண்டும். 2025 ஏப்ரல் 1 முதல் உயர்த்தப்பட்ட வரம்புகளின்படி, இயந்திர முதலீடு 2.5 கோடி ரூபாய்க்குள்ளும் விற்றுமுதல் 10 கோடிக்குள்ளும் இருந்தால் அது குறு நிறுவனம். இயந்திரமே இல்லாமல், வாங்கி அனுப்புவதை மட்டும் தொழிலாகக் கொண்டு நூறு கோடிக்கு ஏற்றுமதி செய்யும் வணிகரும், உள்நாட்டு விற்பனை குறைவாக இருந்தால், இந்த வரையறையில் குறு நிறுவனமாக நிற்க முடியும். அவருக்குத் துணி நெய்துகொடுக்கும் விசைத்தறிக்காரரும் அதே குறு நிறுவனம்தான். இருவரையும் ஒரே பெயரில் அடைத்துவிட்டு "சிறு தொழில் வளர்கிறது" என்று சொன்னால், வளர்ந்தவர் யார் என்பது மறைந்துவிடும். ஆகவே, பணம் சார்ந்த இந்த வரையறையோடு, எத்தனை பேருக்கு வேலை தருகிறது, உற்பத்தி செய்கிறதா வாங்கி விற்கிறதா என்பவற்றையும் சேர்த்தே நிறுவனங்களை வகைப்படுத்த வேண்டும்.

மூன்றாம் வாதம்: மாவட்ட வாரிக் கணக்கு வந்துவிட்டது, அதில் எல்லாம் தெரிந்துவிடும்

மாவட்டங்களை ஏற்றுமதி மையங்களாக்க வேண்டும் என்று 2019 சுதந்திர தின உரையில் பிரதமர் அறிவித்தார். 2020 பிப்ரவரி 15 முதல் ஒவ்வோர் ஏற்றுமதி ஆவணத்திலும் ஜிஎஸ்டி எண்ணோடு, சரக்கு எந்த மாநிலத்தில், எந்த மாவட்டத்தில் உருவானது என்பதையும் குறிப்பிடுவது கட்டாயமானது. நல்ல மாற்றம் இது. அதற்கு முன்பு துறைமுகத்தை வைத்து ஊகிக்க வேண்டியிருந்தது. எண்ணூர் காமராஜர் துறைமுகமும் காட்டுப்பள்ளித் துறைமுகமும் திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கின்றன. ஒரகடத்தில் செய்த நிசான் கார்கள் காமராஜர் துறைமுகத்தில் கப்பலேறின. கப்பலேறிய இடத்தை வைத்துக் கணக்கிட்டால் ஒரகடத்தின் உழைப்பு திருவள்ளூரின் பெயரில் பதிவாகியிருக்கும்.

ஆனால் மாவட்டம் என்பது ஒரு கூட்டுத்தொகை. ஆர்.கே.பேட்டைத் தறியும் தேர்வாய்கண்டிகை டயரும் ஒரே எண்ணுக்குள் அடங்குகின்றன. டயர் ஏற்றுமதி ஓர் ஆண்டு கூடினால் மாவட்டம் முன்னேறியதாகத் தெரியும். அதே ஆண்டில் தறிக்கூடங்கள் பூட்டப்பட்டிருந்தாலும் அந்த எண்ணில் ஒரு கீறலும் விழாது. மாவட்ட எல்லைகளும் நிலையானவை அல்ல. திருவள்ளூர் 1997இல் செங்கல்பட்டிலிருந்து பிரிந்து உருவானது. 2018இல் தொழிற்பேட்டைக்குப் பேர்போன அம்பத்தூர், மாதவரம், திருவொற்றியூர் வட்டங்கள் சென்னையோடு சேர்ந்தன. எல்லை மாறினாலும் நிறுவனம் அதே நிறுவனம்தான். அதைப் பின்தொடர்ந்தால் மட்டுமே வளர்ச்சியையும் வீழ்ச்சியையும் பல ஆண்டுகளுக்கு ஒப்பிட முடியும்.

நான்காம் வாதம்: ஏற்றுமதிக் கணக்கையும் நிறுவனப் பதிவேட்டையும் இணைப்பது நடக்காத காரியம்

நடக்கக்கூடியது மட்டுமல்ல, ஒரு முறை நடந்தும் இருக்கிறது. ஜிஎஸ்டி வந்த 2017ஆம் ஆண்டு முதல், புதிதாக வழங்கப்படும் ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டு எண்ணாக நிறுவனத்தின் பான் எண்ணே இருக்கிறது. ஜிஎஸ்டி எண்ணின் 15 எழுத்துகளில் முதல் இரண்டு மாநிலத்தைக் குறிப்பவை, தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்தும் பான் எண். உத்யம் பதிவும் பான் எண்ணோடு கட்டப்பட்டது. சுங்கம், வரி, தொழில் பதிவு ஆகிய மூன்று ஏடுகளுக்கும் ஒரே திறவுகோல் ஏற்கெனவே இருக்கிறது.

2017-18 பொருளாதார ஆய்வறிக்கை இந்த வழியில் நடந்து காட்டியது. ஜிஎஸ்டி தரவைக் கொண்டு, ஏற்றுமதி எந்த மாநிலங்களிலிருந்து போகிறது என்பதை அது முதல் முறையாகச் சொன்னது. மகாராஷ்டிரம், குஜராத், கர்நாடகம், தமிழ்நாடு, தெலங்கானா ஆகிய ஐந்தும் சேர்ந்து 70 சதவீதம். நிறுவன வாரியாகவும் பார்த்தது. ஏற்றுமதி நிறுவனங்களில் உச்சியில் இருக்கும் ஒரு சதவீதத்தின் பங்கு இந்தியாவில் 38 சதவீதம், அமெரிக்காவில் 55, ஜெர்மனியில் 68, பிரேசிலில் 72. இந்திய ஏற்றுமதி சிலரிடம் குவிந்திருப்பது மற்ற நாடுகளைவிடக் குறைவு என்ற இந்தச் செய்தி சிறு தொழிலின் நண்பர்களுக்கு மகிழ்ச்சி தர வேண்டியது. பொருள் பட்டியலை எத்தனை முறை கூட்டினாலும் இது வெளிவந்திருக்காது.

உலகத்திலும் இது புதிதில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2009இல் விதி இயற்றி, உறுப்பு நாடுகள் ஆண்டுதோறும் வணிகக் கணக்கை நிறுவனப் பதிவேட்டோடு இணைத்து வெளியிடுவதைக் கட்டாயமாக்கியது. அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அலுவலகம் ஆண்டுதோறும் ஏற்றுமதி நிறுவனங்களின் விவரத்தை வெளியிடுகிறது. 500 பேருக்குக் குறைவாக வேலை செய்யும் நிறுவனங்கள் எண்ணிக்கையில் சுமார் 97 சதவீதம், மதிப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு என்று அங்கே தெளிவாகச் சொல்ல முடிகிறது. எண்ணிக்கைக்கும் மதிப்புக்கும் இடையே எவ்வளவு இடைவெளி, பாருங்கள். நம்முடைய 45.73 இந்த இரண்டில் எதையும் சொல்வதில்லை.

ஐந்தாம் வாதம்: இணைத்தாலும் ஆர்.கே.பேட்டைத் தறிக்காரர் தென்பட மாட்டார், அவர் ஏற்றுமதியாளரே அல்லவே

எதிர்வாதங்களில் வலுவானது இதுதான். கூலி நெசவில் பாவும் ஊடை நூலும் முதலாளியுடையவை. தறிக்காரருக்குக் கிடைப்பது நெய்த அளவுக்குக் கூலி. அந்தத் துணி பல கை மாறி, சென்னை வணிகர் ஒருவரின் பெயரில் கப்பலேறினால், ஏற்றுமதி ஆவணத்தில் இருப்பது அந்த வணிகரின் பெயர். ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டாத கூலித் தறிக்காரர் ஜிஎஸ்டி பதிவு பெற வேண்டியதும் இல்லை. முதல் கட்ட இணைப்பில் அவர் தென்பட மாட்டார் என்பது உண்மை.

ஆனால் இதிலிருந்து இணைப்பே வேண்டாம் என்ற முடிவுக்குப் போக முடியாது. இன்னும் ஒரு படி இறங்க வேண்டும், அதற்கான ஆவணமும் இருக்கிறது. 2017 அக்டோபர் 23ஆம் தேதி அறிவிக்கை ஒன்றின்படி, ஏற்றுமதி வணிகர் உற்பத்தியாளரிடம் 0.1 சதவீத வரியில் சரக்கு வாங்கலாம். 90 நாளுக்குள் அதை ஏற்றுமதி செய்ய வேண்டும். சரக்கு கொடுத்தவரின் ஜிஎஸ்டி எண்ணையும் விலைப்பட்டியல் எண்ணையும் ஏற்றுமதி ஆவணத்தில் குறிப்பிட வேண்டும். இந்தச் சலுகையைப் பயன்படுத்தி வாங்கிய சரக்குக்கு, உண்மையான உற்பத்தியாளர் யார் என்பது சுங்கத்துறையின் ஏட்டிலேயே இருக்கிறது.

அதற்கும் கீழே இருக்கும் கூலித் தறிக்கு ஐடிசி-04 படிவம் இருக்கிறது. கூலி வேலைக்குச் சரக்கு அனுப்பும் பதிவு பெற்ற முதலாளி இதைத் தாக்கல் செய்ய வேண்டும். கூலிக்காரர் பதிவு பெறாதவர் என்றால் இப்போது அவருடைய மாநிலத்தைக் குறிப்பிட்டால் போதும். மாநிலத்தோடு அஞ்சல் குறியீட்டு எண்ணையும் கேட்டால், ஏற்றுமதிச் சரக்கு எந்தெந்தத் தறி ஊர்களைத் தொட்டுப் போகிறது என்பது தெரிந்துவிடும். தறிக்காரர் மீது ஒரு படிவச் சுமையும் ஏறாது.

ஆறாம் வாதம்: தொழில் ரகசியம் வெளியாகிவிடும்

வெளிநாட்டில் வாங்குபவர் யார், என்ன விலை என்பது ஏற்றுமதியாளரின் சொத்து. அதைக் காக்க வேண்டும் என்பதில் மாற்றுக் கருத்து இல்லை. 2022 நிதிச் சட்டம் சுங்கச் சட்டத்தில் 135ஏஏ என்ற பிரிவைச் சேர்த்து, தனி ஏற்றுமதி இறக்குமதி விவரங்களை முறையின்றி வெளியிடுவதைக் குற்றமாக்கியது. ஒன்றிய அரசின் வெளியீடுகளுக்கு அந்தத் தடை இல்லை. இங்கே நாம் கேட்பதும் தொகுத்த அட்டவணையைத்தான். அட்டவணையின் ஒரு கட்டத்தில் இரண்டு மூன்று நிறுவனங்கள் மட்டுமே வந்தால் அந்த எண்ணை மறைத்துவிடுவது புள்ளியியல் அலுவலகங்களின் அன்றாட நடைமுறை. தேர்வாய்கண்டிகை போன்ற இடத்தில், ஒரே துறையில் ஒரே பெரிய ஆலை இருக்குமானால், அந்தக் கட்டத்தை மூடிவிடலாம். ஒரு கட்டத்தை மூட வேண்டியிருக்கிறது என்பதற்காக அட்டவணை முழுவதையும் போடாமல் விடுவது நியாயமில்லை.

செய்ய வேண்டியது என்ன

வணிகப் புள்ளியியல் தலைமை இயக்குநரகமும் ஜிஎஸ்டி பிணையமும் குறு, சிறு, நடுத்தரத் தொழில் அமைச்சகமும் சேர்ந்து ஆண்டுக்கு ஒரு முறை ஓர் அட்டவணையை வெளியிட வேண்டும். நிறுவனத்தின் அளவு, உற்பத்தியாளரா வணிகரா என்ற வகை, எத்தனை நாடுகளுக்கு அனுப்புகிறது, ஏற்றுமதியைத் தொடங்கி எத்தனை ஆண்டு ஆகிறது ஆகிய நான்கு விவரங்கள் மாவட்ட வாரியாக இருந்தால் போதும். தமிழ்நாடு அரசும் தன் மாவட்ட ஏற்றுமதித் திட்டங்களுக்கு இந்த அட்டவணையைக் கேட்டுப் பெற வேண்டும்.

அது வரும்வரை, "ஏற்றுமதியில் பாதி சிறு தொழிலுடையது" என்று சொல்வதை ஆட்சியாளர்களும் பத்திரிகைகளும் தொழில் அமைப்புகளும் நிறுத்த வேண்டும். சிறு தொழிலுக்குப் பெருமை சேர்ப்பதாக நினைத்துத்தான் பலர் இதைச் சொல்கிறார்கள். நடைமுறையில் அது, பாதி ஏற்கெனவே கிடைத்துவிட்டது, இனி என்ன குறை என்று கேட்பவர்களுக்கே உதவுகிறது. ஆர்.கே.பேட்டையில் தறி ஓட்டுபவருக்கு ஏற்றுமதியில் எவ்வளவு பங்கு என்பது கண்டுபிடிக்கக்கூடிய உண்மை. ஏடுகள் இருக்கின்றன, அவற்றை இணைக்கும் பான் எண் இருக்கிறது, முன்மாதிரியும் இருக்கிறது. இணைக்க வேண்டும் என்ற முடிவு மட்டுமே பாக்கி.