வெளியிடுதலும் அறிவித்தலும்

மருத்துவ இரகசியம் குறித்து எந்த வகுப்பறையில் பேச்செழுந்தாலும் 'திரு. எக்ஸ் எதிர் மருத்துவமனை இசட்' வழக்கு உடனே மேற்கோளாக வந்துவிடும். 1998 செப்டம்பர் 21 அன்று உச்ச நீதிமன்றத்தின் இருவர் அமர்வு அளித்த தீர்ப்பு அது. நோயாளியின் அந்தரங்க உரிமை வரம்பற்றதன்று. பிறர் உயிருக்கு ஆபத்து எனில் மருத்துவர் வாய் திறக்கலாம் என்பதே அதன் சாரமாகக் கற்பிக்கப்படுகிறது. சாரத்தோடு எனக்குப் பிணக்கில்லை. தீர்ப்பை முழுமையாகப் படிக்கும்போதுதான், அந்தச் சாரம் நடந்த நிகழ்ச்சியின்மீது சரியாகப் பொருந்தவில்லை என்பது தெரிகிறது.

நடந்தது இது. வடகிழக்கு மாநிலம் ஒன்றின் அரசு மருத்துவர், 1995இல் அறுவை சிகிச்சைக்காகச் சென்னைக்கு அனுப்பப்பட்ட ஒரு நோயாளிக்குத் துணையாக வந்தார். நோயாளிக்கு இரத்தம் தேவைப்பட்டது. அவர் கொடுக்க முன்வந்தார். பரிசோதனையில் அவருக்கு எச்.ஐ.வி. தொற்று இருப்பது தெரிந்தது. அவ்வாண்டு டிசம்பரில் நடக்கவிருந்த அவருடைய திருமணம் நின்றுபோயிற்று. குடும்பத்தாரும் சமூகத்தாரும் செய்தியறிந்து ஒதுக்கவே, அவர் ஊரைவிட்டுச் சென்னைக்கு வந்துவிட்டார். இழப்பீடு கேட்டுத் தேசிய நுகர்வோர் ஆணையத்துக்குப் போய், அங்கே தள்ளப்பட்டு, உச்ச நீதிமன்றத்தை அடைந்தார். மணமகளாகவிருந்த பெண் அச்செய்தியால்தான் காப்பாற்றப்பட்டார், எனவே மருத்துவமனைமீது குற்றமில்லை என்றது நீதிமன்றம். (இரத்தம் கொடுக்கப் போன மருத்துவர் ஒருவரே மருத்துவ இரகசியத்துக்காக வழக்காட நேர்ந்ததைக் கற்பனையில் எழுதினால், மிகையென்று ஆசிரியர்கள் அடித்துவிடுவார்கள்.)

மொழியியல் படித்தவளின் கண் இங்கே ஒரு வினைச்சொல்லில் போய் நிற்கிறது. தமிழில் 'அறிவி' என்னும் வினை நான்காம் வேற்றுமையை வேண்டி நிற்கும்: அப்பெண்ணுக்கு அறிவித்தார். 'சொல்' என்பது 'இடம்' உருபை ஏற்கும்: அப்பெண்ணிடம் சொன்னார். 'வெளியிடு' அப்படியன்று. 'அப்பெண்ணுக்கு வெளியிட்டார்' என்று எவரும் சொல்வதில்லை. வெளியிடுதலுக்குப் பெறுநர் கிடையாது. வெளி மட்டுமே உண்டு. தீர்ப்பு நியாயப்படுத்தியது அப்பெண்ணுக்கு அறிவித்ததை. மனுதாரரின் முறையீடோ, செய்தி வெளியாகி ஊரே அறிந்தது பற்றி. நிச்சயிக்கப்பட்ட பெண்ணின் உயிரைக் காக்க, அவருடைய தெருவுக்கும் தெரிந்தாக வேண்டுமா? இந்தக் கேள்வியைத் தீர்ப்பு தனியே எடுத்துப் பார்க்கவில்லை.

பார்த்திருந்தால் விடை வேறாயிருக்கலாம். தீர்ப்பு அதற்குப் பதிலாக வேறு திசையில் நெடுந்தூரம் போயிற்று. தொற்றுள்ளவரின் திருமண உரிமையே இடைநிறுத்தத்துக்குரியது என்றது. 2002 டிசம்பரில் மூவர் அமர்வு, அவ்வழக்கைத் தீர்க்க அக்கருத்துகள் தேவையற்றவை என்று சொல்லி அவற்றை விலக்கியது. இன்னொன்று: நீதிமன்றம் 'எக்ஸ்' என்று மறைத்த மனிதர், அதே தீர்ப்பின் சில சட்டத் தொகுப்புப் பதிப்புகளில் இயற்பெயரோடு நிற்கிறார். இணையத்தில் எவரும் படிக்கலாம். அப்பெயரை நான் இங்கு எழுதப்போவதில்லை.

2002ஆம் ஆண்டின் இந்திய மருத்துவக் கழக நடத்தை விதிகளில் 7.14ஐப் பாருங்கள். குறிப்பிட்ட நபருக்கு 'மற்றும்/அல்லது சமூகத்துக்கு' கடுமையான, அடையாளம் காணப்பட்ட ஆபத்து இருந்தால் நோயாளியின் இரகசியத்தை வெளிப்படுத்தலாம் என்கிறது அது. 'நபர்' என்றதும் அறிவித்தலுக்கு முகம் கிடைக்கிறது. 'அல்லது சமூகம்' என்று ஓர் இணைப்புச் சொல் வந்ததும் அந்த முகம் கரைந்துவிடுகிறது.

கரைந்தால் என்ன ஆகும் என்பதை நான் குடியிருக்கும் பிரேசர் டவுன் அறியும். இந்தப் பேட்டையின் பிறப்பே தொற்று அச்சத்தில்தான். 1898இல் பெங்களூரைத் தாக்கிய பிளேக்குக்குப் பிறகு, கன்டோன்மென்ட்டின் நெரிசலைக் குறைக்க, காற்றோட்டம் கருதித் திட்டமிடப்பட்ட தெருக்கள் இவை. 2020 மார்ச்சில், வீட்டுத் தனிமையில் வைக்கப்பட்டவர்களின் பட்டியலைக் கர்நாடக அரசு முகவரிகளோடு இணையத்தில் வெளியிட்டது. பலருடைய கைகளில் முத்திரை குத்தப்பட்டது. வாயிற்கதவுகளில் தாள்கள் ஒட்டப்பட்டன. அந்த வீட்டில் இருந்தவர்களால் எதிர்வீட்டாருக்கு என்ன ஆபத்து என்று எவரும் அளக்கவில்லை. உரிய அதிகாரியின் தனி ஆணையின்றிக் கதவுகளில் அப்படி ஒட்டக்கூடாதென்று உச்ச நீதிமன்றம் சொன்னபோது 2020 டிசம்பர் ஆகிவிட்டது.

இதற்கு ஓர் எதிர்வாதம் உண்டு, அது எளியதன்று. செய்தி எந்த வழியில் வந்தாலென்ன, அப்பெண் தப்பித்தாரே. ஓர் ஆணின் மானத்தையும் ஒரு பெண்ணின் உயிரையும் ஒரே தட்டில் வைப்பதா என்று பெண்ணியத் தோழிகள் கேட்கிறார்கள். நான் அப்படி வைக்கவில்லை. அப்பெண்ணுக்கு அறியும் உரிமை உண்டு. மருத்துவர் மௌனம் காத்திருந்தால் அது பெருந்தவறு. ஆனால் வதந்தியாக வரும் செய்தியில் ஆலோசனை இருக்காது. அடுத்து எங்கே போய்ச் சோதித்துக்கொள்வது என்ற குறிப்பும் இருக்காது. சோதனை முடிவு ஊருக்குப் போகும் என்றறிந்தவன் சோதனைக்கே வரமாட்டான். அவன் வராவிட்டால், அடுத்த பெண்ணை எச்சரிக்க மருத்துவரிடம் செய்தியே இருக்காது.

2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டம் (2017) இதை ஓரளவு புரிந்துகொண்டிருக்கிறது. அதன் 9ஆம் பிரிவின்படி இணையருக்குச் சொல்லக்கூடியவர் மருத்துவரோ ஆலோசகரோ மட்டுமே. இணையருக்குக் குறிப்பிடத்தக்க தொற்று ஆபத்து இருப்பதாக அவர் நியாயமாக நம்ப வேண்டும். தாமே சொல்லும்படி நோயாளிக்கு ஆலோசனை தந்திருக்க வேண்டும். அவர் சொல்லமாட்டார் என்று உறுதிப்பட வேண்டும். 'நான் சொல்லப்போகிறேன்' என்று அவரிடமே தெரிவித்திருக்க வேண்டும். பிறகு, நேரில், ஆலோசனையோடு சொல்ல வேண்டும். தொற்றுள்ளவர், குறிப்பாகப் பெண்ணாக இருந்து, சொன்னால் வன்முறையோ கைவிடப்படுதலோ நேருமென்ற அச்சம் இருந்தால் சொல்லக்கூடாது. வெளியிடுதலை அறிவித்தலாக மாற்றும் முயற்சி என்றே இதைப் படிக்கிறேன். கலிபோர்னியாவின் புகழ்பெற்ற 1976 டாரசாஃப் தீர்ப்பைவிட நம் கருத்தரங்குகளில் இப்பிரிவு விவாதிக்கப்பட வேண்டும்; அதைப் பற்றி ஒரு கட்டுரையைக்கூட நம் துறை மாணவர்கள் படித்ததாகத் தெரியவில்லை.

ஆயினும் ஓர் இடைவெளி இருக்கிறது. அச்சட்டத்தின் வரையறையில் 'இணையர்' என்பவர் கணவன், மனைவி, அல்லது திருமணத்தை ஒத்த உறவில் வாழ்பவர். நிச்சயதார்த்தம் முடிந்து, பத்திரிகை அடித்து, மண்டபமும் பேசி முடித்த பெண் அவ்வரையறைக்குள் வருவாரா? சொல்லை அப்படியே படித்தால் வரமாட்டார். எந்தப் பெண்ணின் பெயரால் 1998 தீர்ப்பு எழுதப்பட்டதோ, அவர் நிலையிலுள்ள பெண்ணுக்கு எப்படி அறிவிப்பது என்று 9ஆம் பிரிவு சொல்லவில்லை. அவ்வரையறையில் 'மணம் நிச்சயிக்கப்பட்டவர்' என்று இரண்டு சொற்களைச் சேர்க்க வேண்டும் என்பது என் கருத்து. சட்டம் பயிலும் நண்பர்கள் மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.