வானத்துக்கு ஷேடு பார்க்கத் தெரியாதா நமக்கு?

ஆரஞ்சு வானம் தீட்டிய பிள்ளையிடம், "வானம் நீலம்தானே? ஒழுங்கா அடி" என்கிறோம். சொல்வது யார்? பனியன் கம்பெனியில் சாயமேறி வந்த துணியை லேப் டிப் மாதிரியோடு லைட் பாக்ஸில் வைத்துப் பார்த்து, 'கொஞ்சம் மஞ்சளடிக்குது' என்று மொத்த லாட்டையும் திருப்பி அனுப்புகிற நாம்தானுங்க! உடுமலையில் இருந்துகொண்டு இப்படிச் சொல்ல வாய் கூச வேண்டாமா? ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேகம் புகுந்து வரும் சாயங்காலத்தில், காற்றாலைகளுக்குப் பின்னால் எத்தனை சாம்பல், எத்தனை ஊதா!

1883 ஆகஸ்டில் இந்தோனேசியாவின் கிரகடோவா எரிமலை வெடித்தது. அதன் தூசி உலகைச் சுற்றியது. செப்டம்பரில் சென்னையில் சூரியன் பச்சையாகத் தெரிந்தது. கிறித்தவக் கல்லூரிப் பேராசிரியர் மிக்கி ஸ்மித் அதை ஆராய்ந்து எழுதி வைத்தார். பின்னாளில் நம் பக்கத்து மலையான கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தின் முதல் இயக்குநரும் அவரே. அந்தச் செப்டம்பரில் ஒரு பையன் பச்சைச் சூரியன் வரைந்திருந்தால், நம்மைப் போன்ற பெற்றோர் என்ன செய்திருப்போம்? அழிரப்பரைத் தேடியிருப்போம்.

அந்த ஆண்டின் கடைசி மாதங்களில் லண்டன் செல்சியில் வில்லியம் ஆஸ்கிராஃப்ட் என்ற ஓவியர், அதே தூசி நிறம் மாற்றிய அந்தியை வரைய, தேம்ஸ் கரையில் பாஸ்டலோடு நின்றார். நிறம் மாற மாற அடுத்தடுத்த தாளில் தீட்டித் தள்ளினார். அடுத்த சில ஆண்டுகளில் இப்படிச் சேர்ந்தவை ஐந்நூறுக்கும் மேல். கலர் கேமரா கைக்கு வராத காலம். 1888-ல் ராயல் சொசைட்டி வெளியிட்ட கிரகடோவா அறிக்கையின் முகப்பில் இருப்பது அவர் கண்ட அந்தி.

"இப்பத்தான் போன் இருக்கே" என்பீர்கள். வாட்ஸ்அப் போட்டோவைப் பார்த்து ஷேடு அப்ரூவல் கொடுப்பீர்களா? போன் தன் இஷ்டத்துக்கு நிறத்தைத் திருத்திவிடும்.

உங்கள் பிள்ளையும் இப்படி அந்தியைப் பதிவு செய்யட்டும். பெயின்ட் வாங்கக் காசு வேண்டாம். கட்டிங் டேபிளுக்கடியில் கிடக்கும் பனியன் வேஸ்ட்டை ஒரு பை கொண்டு வாருங்கள். மொட்டை மாடியில் பிள்ளையை உட்காரவையுங்கள். அடிவானத்துக்கு ஒரு துண்டு, அதற்கு மேலே ஒன்று, உச்சிக்கு ஒன்று எனப் பொருத்தி அட்டையில் ஒட்டட்டும். தேதியும் மணியும் ஓரத்தில் எழுதட்டும். சூரியனை வெறித்துப் பார்க்க மட்டும் விடாதீர்கள். அது மறைந்த பிறகுதான் வேடிக்கையே.

பொருந்துகிற துண்டு கிடைக்காமல் பிள்ளை தடுமாறினால் நீங்களும் தேடுங்கள், உங்கள் கண்ணுக்குப் பழக்கமான வேலைதானே. ஒட்டி முடித்துக் காட்டும்போது, "இதுக்கு மார்க் உண்டா?" என்று தயவுசெய்து கேட்காதீர்கள்.